ஊர் இல்லாத அணி: கார்லைல் 1912

வியாழன், கார்லைல்

பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் ராணுவ முகாமுக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து, அவர்கள் நம்மைப் பற்றிச் சரிபார்த்து ஒரு சீட்டு தந்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். இப்போது இங்கே இருப்பது அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி. 1951ல் இங்கு வந்தது. எங்களுக்கு அதில் வேலை இல்லை. 1879 முதல் 1918 வரை இதே வளாகத்தில் கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி என்று ஒன்று நடந்தது. அதன் 1912ஆம் வருஷத்துக் கால்பந்து அணி போன இடங்களில் சிலவற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறோம், நானும் மச்சினனும். அவனுக்கு ஆட்டம் தெரியும், எனக்குக் கொஞ்சம் வரலாறு தெரியும். கார் அவனுடையது.

இந்தியர் என்று அந்தக் காலத்தில் அவர்கள் சொன்னது அமெரிக்கப் பூர்வகுடிகளை. பள்ளியைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. அதற்கு முன்னால் ஃபுளோரிடாவில் ஒரு கோட்டையில் பூர்வகுடிக் கைதிகளைக் காவல் காத்தவர். அந்த அனுபவத்திலிருந்துதான் பள்ளி யோசனையே வந்தது. ‘உள்ளே இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று’ என்று 1892ல் ஒரு கூட்டத்தில் பேசினார். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதுதான் இதில் பயங்கரம்.

பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள். உடையை மாற்றினார்கள். சொந்த மொழியில் பேசக் கூடாது. பெயரும் புதிது. முதல் கூட்டத்தில் வந்த லக்கோட்டா இனத்துச் சிறுவன் ஒருவன் கையில் குச்சியைக் கொடுத்து, கரும்பலகையில் இருந்த கிறுக்கல்களில் ஒன்றைத் தொடச் சொன்னார்கள். ஆங்கில எழுத்தே அறியாத பையன் ஏதோ ஒன்றைத் தொட்டான். அன்றிலிருந்து அவன் லூதர். பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்று எழுத்தாளராக அறியப்பட்டவர் அவர்தான்.

முகாமின் ஓரத்திலேயே இடுகாடு. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வெள்ளைக் கற்கள். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் இருந்தன. முதலில் வேறோர் இடத்தில் இருந்த இடுகாட்டை 1927ல் இங்கே மாற்றினார்கள். சில கற்களில் பெயரே கிடையாது. 2017லிருந்து ராணுவம் ஒவ்வொரு குடும்பமாகக் கேட்கக் கேட்க எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சொந்த மண்ணுக்கு அனுப்புகிறது. வடக்கு அரபாஹோ மக்கள்தான் முதலில் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். 2024 டிசம்பரில் அதிபர் பைடன் இந்த இடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

இதே வளாகத்தில் ஒரு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. ‘இந்தியன் ஃபீல்டு’ என்றே பெயர். ஆரம்பத்தில் ஒரு மாணவன் கால் முறிந்துபோனதைப் பார்த்து பிராட் ஆட்டத்தைத் தடை செய்தார். மாணவர்கள் கூட்டமாக வந்து கெஞ்சினார்கள். இரண்டு நிபந்தனை போட்டு விட்டுக்கொடுத்தார். எதிராளி அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது. சில வருஷத்துக்குள் நாட்டின் பெரிய அணிகளைத் தோற்கடிக்க வேண்டும். இரண்டாவதை எப்படியும் செய்து காட்டினார்கள்.

1899ல் பயிற்சியாளராக வந்தவர் க்ளென் வார்னர், ‘பாப்’ வார்னர். நடுவில் போய்விட்டு 1907ல் திரும்பி வந்தார். கார்லைல் உண்மையில் கல்லூரியே அல்ல. பாதி நேரம் பாடம், பாதி நேரம் தச்சு, தையல், கொல்லுப்பட்டறை என்று ஓடிய தொழிற்பள்ளி. ஆனால் ஆடியது ஹார்வர்டு, பென்சில்வேனியா, பிரின்ஸ்டன் போன்ற கல்லூரிகளோடு. சொந்த ஊரில் ஆடினால் டிக்கெட் வருமானம் வராது. அதனால் அணியை ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் முடிந்தால் அப்புறம் எல்லாமே வெளியூர் ஆட்டம்தான். அந்தப் பணத்தில் வளாகத்தில் கட்டடங்கள் எழுந்தன, வார்னருக்கு வீடும் எழுந்தது.

ஊருக்குள் கம்பர்லண்ட் கவுண்டி வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் பள்ளியின் பழைய புகைப்படங்களைப் பார்த்தோம். வந்த அன்று எடுத்த படமும் சில மாதம் கழித்து எடுத்த படமும் ஜோடியாக இருக்கும் வகை. பள்ளியின் விளம்பரத்துக்காக விற்ற படங்கள். மச்சினன் அதிகம் பேசாதவன் இல்லை, ஆனால் அந்த அறையில் பேசவில்லை.

ஒரு உபரித் தகவல்: பின்னாளில் பெரிய கவிஞரான மேரியன் மூர் 1911லிருந்து சில வருஷம் இங்கே தட்டச்சும் கணக்குப்பதிவும் சொல்லிக்கொடுத்தார். 1912 அணியின் நட்சத்திரமான ஜிம் தோர்ப் அவருடைய மாணவர்.

வெள்ளி, கெட்டிஸ்பர்க்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து பெரியப்பா மகன் கேட்டான்: கால்பந்து என்றால் நம்ம கால்பந்தா? இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். பந்தோடு ஓடுகிறவனை எதிரணி பிடித்துக் கீழே தள்ள வேண்டும். கபடியில் பாடிப் போனவனைக் காலைப் பிடித்து மடக்குகிறோமே, அதையே இருபத்திரண்டு பேர் மைதானம் முழுக்கச் செய்தால் எப்படியோ அப்படி.

மச்சினன் இன்று கார் ஓட்டிக்கொண்டே எனக்கு ஒரு வகுப்பு எடுத்தான். 1905 வாக்கில் இந்த ஆட்டம் கொலைக்களமாக இருந்தது. கைகோத்துக் கும்பலாக மோதுவதுதான் உத்தி, மாணவர்கள் செத்தே போனார்கள். அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் தலையிட்டுக் கல்லூரிகளைக் கூப்பிட்டுப் பேசினார். 1906ல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. பெரிய கல்லூரிகள் அந்த விதியை மதிக்கவே இல்லை. கார்லைல் அதைப் பிடித்துக்கொண்டது. 1907ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று தோற்கடித்தபோது எறிபந்துதான் ஆயுதம். உடல் எடையில் அவர்கள் எப்போதும் குறைவு. அதனால் வேகமும் தந்திரமும்.

தந்திரம் என்றால் சாதாரணத் தந்திரம் இல்லை. 1903ல் ஹார்வர்டுடன் ஆடும்போது பந்தை சார்லி டில்லன் என்பவரின் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிவிட்டார்கள். அதற்காகவே சட்டையின் அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தது. எல்லோரும் பந்தைத் தேட, டில்லன் இரு கையையும் வீசிக்கொண்டு ஓடிப்போய் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஆட்டத்தை என்னவோ ஹார்வர்டு 12-11 என்று வென்றது. ஆனால் இன்றைக்கும் பேச்சு அந்தச் சட்டையைப் பற்றித்தான்.

1912ல் மறுபடி விதிகள் மாறின. இன்றைக்கு டிவியில் பார்க்கும் ஆட்டத்தின் எலும்புக்கூடு அந்த வருஷம் வந்ததுதான்: மைதானம் 110 கஜத்திலிருந்து 100 கஜம், பத்து கஜம் முன்னேற மூன்று வாய்ப்புக்குப் பதில் நான்கு, பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு 5க்குப் பதில் 6 புள்ளி, எறிதூரத்துக்கு இருந்த 20 கஜ வரம்பும் நீங்கியது. வேகமான, எடை குறைந்த அணிக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

அந்தப் பருவத்தின் பட்டியலைப் பார்த்தால் நமக்குக் கால் வலிக்கும். செப்டம்பரில் உள்ளூர் டிக்கின்சன் கல்லூரியை 34-0. வில்லனோவாவை 65-0. வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சனோடு மட்டும் 0-0. பிறகு சிராக்யூஸ் 33-0, பிட்ஸ்பர்க் 45-8. அக்டோபர் 26, சனிக்கிழமை, வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுனை 34-20 என்று முடித்துவிட்டு ரயில் ஏறினார்கள். திங்கட்கிழமை கனடாவில், டொராண்டோவில் ஆட்டம்! அதில் ஒரு பகுதியைக் கனடாக்காரர்களின் ரக்பி விதியில் ஆடி, அப்படியும் 49 புள்ளி எடுத்தார்கள். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமை லீஹை பல்கலைக்கழகத்தோடு.

“இப்ப இருக்கற ப்ளேயர்ஸ் யாராவது ரெண்டு நாள்ல ரெண்டு மேட்ச் ஆடுவாங்களா அத்தான்? யூனியன் கேஸ் போட்ரும்” என்றான் மச்சினன். அந்தப் பிள்ளைகளுக்கு யூனியனும் இல்லை, பலருக்குக் குடியுரிமையும் இல்லை. பூர்வகுடிகள் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924ல்தான்.

சரி, கெட்டிஸ்பர்க் எதற்கு? உள்நாட்டுப் போர்க்களத்தைப் பார்க்க உலகமே வருகிறது. நாங்கள் வந்தது அதை ஒட்டியிருக்கும் ஐசன்ஹோவர் பண்ணைக்கு. இரண்டாம் உலகப் போரின் தளபதி, பிறகு அதிபர். அவர் 1950ல் வாங்கிய வீடு. கண்ணாடி போட்ட தாழ்வாரம், மாட்டுத்தொழுவம், கோல்ஃப் புல்தரை. ஒரு மணி நேரம் போதும். இந்தக் கதையில் அவருக்கு என்ன வேலை என்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

சனி, ஜிம் தோர்ப்

ஊரின் பெயரே ஜிம் தோர்ப். லீஹை ஆற்றின் பள்ளத்தாக்கில், மலைச்சரிவில் ஒட்டவைத்தது போல வீடுகள். இலை நிறம் மாறும் சனிக்கிழமை என்பதால் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா ஜனம் முழுக்க இங்கேதான். வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது. கடைத்தெருவில் ஆப்பிள் சைடரும் மெழுகுவர்த்தியும் பிரமாதமாக ஓடுகின்றன. தோர்ப்பின் கல்லறைக்குப் போனால் அங்கே எங்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். ஊருக்கு வெளியே, 903ஆம் சாலை ஓரத்தில் இருக்கிறது.

ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் இனம், ஓக்லஹோமா மண். வா-தோ-ஹக் என்பது வீட்டில் வைத்த பெயர். 1904ல் கார்லைல் வந்தார். கோடை மாதங்களில் மாணவர்களை வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு அனுப்புவது பள்ளியின் வழக்கம். இவரும் போனார், ஒரு தடவை ஓடியும் வந்தார். 1907ல் வேலை உடையோடு மைதானத்தைக் கடக்கும்போது, மற்றவர்கள் தாண்ட முடியாத உயரத்தைச் சும்மா தாண்டிவிட்டுப் போனார் என்று கதை சொல்வார்கள். அங்கிருந்து தடகள அணி, பிறகு கால்பந்து.

1909லும் 1910லும் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடினார். கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர் கோடையில் அதைத்தான் செய்தார்கள், பொய்ப் பெயரில். இவர் சொந்தப் பெயரில் ஆடினார். 1911ல் வார்னர் திரும்பக் கூப்பிட, வந்தார். அந்த வருஷம் ஹார்வர்டை 18-15 என்று வென்றதில் இவருடைய காலிலிருந்து மட்டும் நான்கு கோல் உதைகள்.

1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். பெண்டத்லான், டெக்கத்லான் இரண்டிலும் தங்கம். ஒரே ஆள் ஐந்து விளையாட்டும் பத்து விளையாட்டும் ஆடி ஜெயிப்பது. அதே போட்டியில் கார்லைலின் இன்னொரு மாணவர், ஹோப்பி இனத்து லூயிஸ் டெவானிமா, 10,000 மீட்டரில் வெள்ளி. செப்டம்பரில் தோர்ப் மறுபடி கால்பந்துச் சட்டை போட்டு, டிக்கின்சனோடு ஆடிக்கொண்டிருந்தார். உலகச் சாம்பியன், தொழிற்பள்ளி மாணவன், இரண்டும் ஒரே ஆள்.

1913 ஜனவரியில் ஒரு செய்தித்தாள் பேஸ்பால் கூலி விஷயத்தை வெளியிட்டது. காசு வாங்கியவன் அமெச்சூர் அல்ல, ஒலிம்பிக்கில் ஆடவே கூடாது என்று பதக்கங்களைப் பிடுங்கினார்கள். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது அந்த ஒலிம்பிக்கின் விதி. ஆறு மாதம் கழித்து வந்த ஆட்சேபணை செல்லவே செல்லாது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வார்னரும் பள்ளிக் கண்காணிப்பாளர் ஃப்ரீட்மனும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கைகழுவினார்கள். ‘நான் ஒரு இந்தியப் பள்ளிக்கூடப் பையன், இதெல்லாம் தெரியாது’ என்ற மன்னிப்புக் கடிதம் தோர்ப் பெயரில் போனது. தன்னுடைய முக்கிய ஆட்டக்காரர் இரண்டு வருஷம் எங்கே போனார் என்று வார்னருக்குத் தெரியாதாம். நான் நம்பவில்லை. 1982ல் பதக்கத்தைத் திருப்பித் தர முடிவானது, அதுவும் இன்னொருவரோடு பங்கு போட்டு. தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஒத்துக்கொண்டது 2022ல்.

இந்த ஊருக்கு வருவோம். தோர்ப் 1953 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் இறந்தார். உடல் ஓக்லஹோமா போனது. அவருடைய இனத்தார் இறுதிச் சடங்கு செய்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது மனைவி சவ வண்டியோடு வந்து உடலை எடுத்துப் போய்விட்டார். ஓக்லஹோமாவில் நினைவிடம் கட்டப் பணம் ஒதுக்குவதை ஆளுநர் நிறுத்திவிட, எந்த ஊர் நினைவிடம் கட்டித்தரும் என்று மனைவி தேட ஆரம்பித்தார்.

இங்கே மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்று இரண்டு ஊர். நிலக்கரிக் காலம் முடிந்து நொடித்துப்போன ஊர்கள். ஊரைத் தூக்கி நிறுத்த ஆளுக்கு வாரம் ஐந்து செண்ட் என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் ஆனது: உடல் இங்கே, நினைவிடம் இவர்கள் செலவு, இரண்டு ஊரும் ஒன்றாகி தோர்ப்பின் பெயரை வைத்துக்கொள்ளும். 1954ல் அப்படியே நடந்தது. தோர்ப் உயிரோடு இருந்தபோது இந்த ஊரில் வாழ்ந்ததே இல்லை.

சிவப்பு நிறப் பளிங்குப் பேழை. ‘உலகின் மிகச் சிறந்த தடகள வீரர் நீங்கள்’ என்று ஸ்வீடன் மன்னர் சொன்ன வார்த்தையைப் பொறித்திருக்கிறார்கள். அடியில் ஓக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் அரங்கத்து மண்ணும் போட்டிருக்கிறார்கள். அப்பாவை ஊருக்குக் கொடுங்கள் என்று மகன்கள் வழக்குப் போட்டார்கள். 2013ல் வென்றார்கள், 2014ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2015ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே மறுத்தது.

மச்சினனுக்குக் கோபம். “ஐந்து செண்ட் ஐந்து செண்ட்டா சேர்த்த ஜனங்க மேலயும் தப்பு சொல்ல முடியல, அதான் கடுப்பா இருக்கு” என்றான். எனக்கும் அதேதான். கல்லறை சுத்தமாக இருக்கிறது, அக்கறையாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் கார்லைலில் எலும்புகளை ஊருக்கு அனுப்பும் மனசு வந்த நாட்டில் இவர் மட்டும் இங்கேயே கிடக்கிறார்.

ஞாயிறு, வெஸ்ட் பாயிண்ட்

நியூயார்க் மாநிலம், ஹட்சன் ஆற்றின் கரை. ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் அகாதமி. இங்கேயும் பதிவு செய்து, பேருந்தில் வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும். கருங்கல் கட்டடங்களுக்கு நடுவே ‘த ப்ளெயின்’ என்ற அணிவகுப்புத் திடல். 1924ல் தனி அரங்கம் கட்டும் வரை இவர்கள் கால்பந்து ஆடியது இந்தத் திடலில். 1912 நவம்பர் 9, சனிக்கிழமை, கார்லைல் இங்கே வந்தது.

இரண்டு அணியும் ஒருமுறை ஏற்கெனவே மோதியிருந்தன. 1905ல் கார்லைல் 6-5 என்று வென்றது. அந்த ஆட்டத்துக்குப் போர்த் துறையின் அனுமதியே வாங்க வேண்டியிருந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை. வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா மக்களை ராணுவம் சுட்டுத் தள்ளியது 1890 டிசம்பரில். 1912ல் அது இருபத்திரண்டு வருஷப் பழசு. கார்லைல் பையன்களில் சிலருடைய பெற்றோர் தலைமுறையும், எதிரில் நின்ற படையின் அதிகாரிகளும் ஒருவரையொருவர் துப்பாக்கி முனையில் பார்த்தவர்கள். வார்னர் ஆட்டத்துக்கு முன்னால் இதையெல்லாம் நினைவுபடுத்தினார் என்பார்கள். வேறு ஆள் வந்து அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டுமா என்ன!

வார்னர் புது வியூகம் ஒன்று வைத்திருந்தார். பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்களை முன்வரிசையின் இரண்டு முனைகளுக்கும் வெளியே கொண்டுவந்து நிறுத்துவது. யார் ஓடுவான், யார் எறிவான், பந்து எந்தப் பக்கம் கை மாறும் என்று எதிரணிக்குக் கடைசி வரை தெரியாது. பிற்காலத்தில் ‘டபுள் விங்’ என்று பேர் பெற்றது. மச்சினன் பேருந்திலேயே ஒரு காகிதத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு விளக்கினான். முன்சீட்டில் இருந்த வயதான அமெரிக்கர் திரும்பி ஒரு வட்டத்தைத் திருத்திக் கொடுத்தார்.

ராணுவ அணி முதலில் ஒரு டச்டவுன் போட்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு புள்ளி இல்லை. கஸ் வெல்ச் பந்தைப் பிரித்துக் கொடுக்க, தோர்ப்பைத் தடுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாய, மறுபக்கம் அலெக்ஸ் அர்கேசா ஓடினார். மூன்று டச்டவுன் அவருடையது. ராணுவ அணியின் தலைவன் லீலண்ட் டிவோர், மலை மாதிரி ஆள், கார்லைலின் ஜோ கையனைச் சமாளிக்க முடியாமல் கடைசியில் அவர்மீது பாய்ந்து, நடுவரால் வெளியேற்றப்பட்டார். 27-6. பிராட்டின் பழைய நிபந்தனை நினைவிருக்கிறதா, திருப்பி அடிக்கக் கூடாது என்பது? இந்த முறை அடித்து வெளியே போனது ராணுவ அணியின் தலைவன்.

அந்த ராணுவ அணியில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் தோர்ப்பை எப்படியாவது மைதானத்தை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று நண்பனோடு சேர்ந்து திட்டம் போட்டிருந்தான். ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்று மோதிச் சாய்த்தார்கள். தோர்ப் எழுந்து மறுபடி ஓடினார். பிறகு ஒருமுறை பாயும்போது இவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு வெளியே போக வேண்டியதாயிற்று. அந்தப் பையன் டுவைட் ஐசன்ஹோவர். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியோடு ஆடும்போது முழங்கால் போனது, அத்தோடு அவருடைய கால்பந்தும் போனது. இன்று அவருடைய சிலை இதே திடலின் ஓரத்தில் நிற்கிறது. தோர்ப் பயிற்சியே செய்ததில்லை, ஆனாலும் அவரைப் போல ஆடிய எவரையும் பார்த்ததில்லை என்று ஐசன்ஹோவர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். பாராட்டுத்தான். ஆனால் இந்தப் ‘பயிற்சியே இல்லாமல்’ என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. டெக்கத்லானைப் பயிற்சி இல்லாமல் யாரும் ஜெயிப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி. நன்றி நவிலல் நாளில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று முடித்துக்கொண்டார்கள். 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன்.

மாலையில் ஆற்றோரம் உட்கார்ந்து, கட்டிவந்த புளியோதரையின் மிச்சத்தைச் சாப்பிட்டபடி மச்சினன் கேட்டான், அப்புறம் என்ன ஆச்சு அந்த டீமுக்கு என்று. தோர்ப் பள்ளியை விட்டுப் போனார். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்துப் போட்டு விசாரணை கேட்டு மனு அனுப்பினார்கள். அதற்குப் பின்னால் நின்றவர் வெஸ்ட் பாயிண்டில் பந்தைப் பிரித்துக் கொடுத்த அதே கஸ் வெல்ச். 1914ல் நாடாளுமன்றக் குழு வந்தது. சாப்பாடு சரியில்லை, அடிக்கிறார்கள், விளையாட்டு நிதிக்குக் கணக்கு இல்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வார்னர் நல்ல பயிற்சியாளர், ஆனால் கொள்கை இல்லாத மனிதர் என்று வெல்ச் சாட்சி சொன்னார். ஃப்ரீட்மன் நீக்கப்பட்டார். வார்னர் 1915ல் பிட்ஸ்பர்க் போய், அங்கேயும் ஜெயித்தார். 1918ல் ராணுவம் கார்லைல் வளாகத்தை மருத்துவமனைக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இப்போது அமெரிக்கா முழுக்கச் சிறுவர்கள் கால்பந்து ஆடும் பெரிய அமைப்பின் பெயர் பாப் வார்னர். மச்சினன் மகனுக்கு ஏழு வயது. அடுத்த ஆகஸ்டில் அதில் சேர்க்கப் படிவம் ஏற்கெனவே நிரப்பியாகிவிட்டது. சட்டை எண்ணைக்கூட அவனே தேர்ந்தெடுத்துவிட்டானாம்.